மெக்சிக்கோவில் உனக்கு வைத்த படையல்

என் ஆசை மச்சாள், நாக்கு நீண்ட பவளத்துக்கு,

நான் மெக்சிக்கோவுக்குப் போய்விட்டு வந்துவிட்டேன். லாசால் தையல் தொழிற்சாலைச் சாப்பாட்டு மேசையில் இருந்து நீயும் நானும் ஐந்து வருடமாகப் போட்ட திட்டம், நீ இல்லாமல் நடந்தேறிவிட்டது. கோபிக்காதே. ஒன்றும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

முதலில் ஊர்ப் புதினம். எங்கள் லவாலுக்கு மெட்ரோ ரயில் வந்துவிட்டது. பனியில் பஸ்ஸுக்கு நின்று நீ ஏசிய ஏச்செல்லாம் யாரோ ஒரு பெரியவரின் காதில் விழுந்திருக்கிறது! உன் அண்ணர், அதுதான் என் மனுசன், தாடி வளர்த்தார். நான் முறைத்ததும் எடுத்துவிட்டார். உன் தையல் மெஷினில் இப்போது ஒரு சீனப் பெண் இருக்கிறாள், நல்லவள், ஆனால் உன்னைப்போல் வம்பளக்கத் தெரியாது.

மார்த்தாவை நினைவிருக்கிறதா என்று கேட்டால் அடிக்க வருவாய். எங்களோடு வேலை செய்த மாயன் பெண், மெக்சிக்கோவில் யுக்காத்தான் பக்கத்துக் கிராமத்துக்காரி. அவள் வாழையிலைப் பொதியைப் பிரித்தால் உன் மூக்கு உன்னை முந்திக்கொண்டு போகும். அவளுடைய இறைச்சி உனக்கு, உன் நண்டுக் குழம்பு அவளுக்கு. இரண்டு பேரும் அரைகுறைப் பிரெஞ்சில் சமையல் கதைத்தே மணியடிக்க வைப்பீர்கள்.

"மச்சாள், ஒருக்கா இவளின்ரை ஊருக்குப் போய் வயிறு முட்டத் திண்டுபோட்டு வருவம்" என்று நீ சொல்லாத வெள்ளிக்கிழமை இல்லை. பிறகு உன் சிறுநீரகம் பழுதானது. டொக்டர் உப்பைக் கண்ணாலும் காட்டக்கூடாது என்றார். எட்டு மாதம் நான்தான் உனக்குச் சமைத்தேன்.

"என்ன மச்சாள், உப்பில்லாத சோத்தைத் தந்தே என்னை அனுப்பப் போறியோ?"

"டொக்டர் சொன்னவர் பவளம். வாயை மூடிக்கொண்டு சாப்பிடு."

கடைசி நாளும் நீ ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினாய். எப்படியும் போகப்போகிறவளுக்கு ஒரு கல் உப்புப் போட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்? இந்த ஒரு வருடமாக, அடுப்படிக்குள் போகும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் எனக்கு முன்னால் போய் நிற்கிறது.

நவம்பர் தொடக்கத்தில் அவர்கள் ஊரில் இறந்தவர்கள் வீட்டுக்கு விருந்துக்கு வரும் நாட்கள். மார்த்தா லீவு போட்டாள். "நீயும் வா, பவளத்துக்கும் ஒரு பங்கு வைப்போம்" என்றாள். உன் அண்ணரைக் கேட்டேன். "போட்டு வாருமப்பா. திவசத்துக்கு முதல் வந்திடும்" என்றார்.

பவளம், நாங்கள் லவாலில் பாலாடைக்கட்டி உருகி ஒழுக ஒழுகத் தின்றோமே, அதை இனி மெக்சிக்கோச் சாப்பாடு என்று யாரிடமும் சொல்லாதே. மாநிலத்துக்கு மாநிலம் சமையல் வேறு என்றாள் மார்த்தா. மெரிதா நகரச் சந்தையில் சிவப்பு விதை அரைத்த மசாலாவைச் செங்கல்போல் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதைப் புளித் தோடம்பழச் சாற்றில் கரைத்து இறைச்சிக்குப் பூசுகிறார்கள். சோளத்தைச் சுண்ணாம்பு போட்டு அவிக்கிறார்கள்! வெற்றிலைக்குத்தான் சுண்ணாம்பு என்று நினைத்திருந்த எனக்கு வாய் திறந்தபடி நின்றுவிட்டது. ஆபனேரோ என்று ஒரு மிளகாய். கடைக்காரி 'வேண்டாம், வேண்டாம்' என்று கையைக் காட்டினாள். யாழ்ப்பாணத்து மானத்தைக் காப்பாற்ற ஒரு முழு மிளகாயையும் கடித்தேன். மானம் தப்பியது, நான்தான் தப்பவில்லை. நீ பார்த்திருந்தால் ஒரு மாதத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாய்.

கிராமத்தில் மார்த்தாவின் அக்கா ரோசாவின் வீட்டில் தங்கினோம். முற்றத்தில் குழி வெட்டி, விறகு எரித்துக் கற்களைச் சூடாக்கினார்கள். சோள மாவுக்குள் கோழிக் குழம்பை வைத்து மூடி, வாழையிலையில் கட்டி, அந்தக் குழிக்குள் இறக்கி மண்ணால் மூடுவார்கள். ஒவ்வொரு பொதியும் அந்த வீட்டில் இறந்துபோன ஒருவருக்கு. எனக்கும் ஒரு பங்கு வெறும் மாவும், சின்னப் பானையில் சமைக்காத கோழியும் தந்து, "உன் ஆளுக்கு நீயே செய்" என்றாள் ரோசா. பார்த்துப் பார்த்துச் செய்தேன். படையலல்லவா? எங்கள் வழக்கப்படி, துளியும் வாயில் வைத்துப் பார்க்கவில்லை. பொதியில் உனக்கென்று இரண்டு முடிச்சுப் போட்டேன்.

அடுத்த நாள் மேசையில் மெழுகுதிரி, செவ்வந்திப்பூ, சொக்கலேட் பானம். ரோசா ஒவ்வொரு பெயராய்ச் சொல்லிக் கூப்பிட்டாள். கடைசியாக, "பாவ்லாம்" என்றாள். அதுவும் நீதான், வந்திருப்பாய்.

இறந்தவர்கள் வந்து ருசியை எடுத்துக்கொண்டு போவார்களாம், மிச்சத்தை வீட்டார் சாப்பிடுவார்களாம். எல்லாப் பொதியையும் பிரித்துச் சாப்பிட்டோம். உன் பொதியில் ஒரு துண்டை வாயில் வைத்த ரோசா கண்ணை அகல விரித்து என்னவோ கத்தினாள். மார்த்தா பிரெஞ்சில் சொன்னாள்.

"உன் மச்சாள் வந்துவிட்டாளாம்! ஒரு பொட்டு ருசியும் மிச்சம் விடவில்லையாம்! எங்கள் அப்பாகூட ஒருநாளும் இப்படிச் சாப்பிட்டதில்லையாம்!"

வீடே கைதட்டியது. எனக்கும் அழுகை வந்தது. நானும் ஒரு துண்டு வாயில் வைத்தேன்.

உப்பில்லை, பவளம். ஒரு கல் உப்பும் இல்லை.

எட்டு மாதம் உனக்குச் சமைத்துப் பழகிய கை, உப்புப் பாத்திரத்தின் பக்கமே போகவில்லை. நாடு தாண்டிப் போய் உனக்கு மறுபடியும் பத்தியச் சாப்பாடு வைத்திருக்கிறேன்! எனக்குச் சிரிப்பா அழுகையா என்றே தெரியவில்லை. மார்த்தாவிடம் உண்மையைச் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துச் சிரித்துவிட்டு அக்காவிடம் சொன்னாள். ரோசா சிரிக்கவில்லை. உள்ளே போய் உப்பை எடுத்து வந்து என் கையில் வைத்தாள்.

"அவள் இன்னும் போகவில்லை. போடு. சரியா என்று நீ தின்று பார்."

போட்டேன். தின்று பார்த்தேன். இன்னும் கொஞ்சம் போட்டேன். அந்தத் துண்டை உன் மெழுகுதிரிக்கு முன்னால் வைத்துவிட்டு, பக்கத்திலேயே வெகுநேரம் இருந்தேன். டொக்டர் சொன்னதைத்தான் செய்தேன் மச்சாள். உன்னை இன்னும் கொஞ்ச நாள் வைத்திருக்கலாம் என்ற ஆசையில்தான் செய்தேன். அது உனக்குத் தெரியும்தானே?

வருகிற வியாழக்கிழமை உன் திவசம். உனக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு வைக்கிறேன். இலையில் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு கறியையும் உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்ப்பேன், இது சத்தியம். எச்சில் படைக்கிறாள் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். நீயும் நானும் எத்தனை வருடம் ஒரே சாப்பாட்டுப் பெட்டியில் தின்றவர்கள்! வா, இந்த முறை தட்டைத் தள்ளமாட்டாய்.

உப்புக் கையோடு காத்திருக்கும்,
உன் அண்ணர் பெண்சாதி,
உன் மச்சாள் யோகம்