அம்மாவுக்கு ஊதுபத்தி

லண்டனில் இருப்பவருக்கு,

உங்கள் அம்மாவின் முதல் வருஷ நினைவு நாளுக்கு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். மறுநாள் டோக்கியோவில் சாகே மது ருசி பார்க்க வேண்டும், மூக்கு கெடக்கூடாது, ஒரு வாரம் முன்பே ஊதுபத்தியை நிறுத்து என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

மது ருசி பார்ப்பதே உங்கள் தொழில்; அந்த மூக்குக்காக இந்த வீட்டில் நான் மீன் சுட்டதில்லை. புத்தர் மாடத்தின் முன் வெறும் கையைத்தான் கூப்பினேன். அம்மா இருந்தவரை என் வீட்டுக் கணக்கில் ஊதுபத்தி என்று ஒரு வரி இருந்ததில்லை. நீங்கள் வெளிநாடு போன பிறகும் அதே பழக்கம். பக்கத்து வீட்டு சுமியே அக்கா சிரித்தாள்: "ஏண்டி, உன் புருஷன் மூக்கை மட்டும் இங்க கழட்டி வச்சுட்டுப் போயிட்டாரா?"

அம்மா போனபோது நீங்கள் ஏதோ போட்டிக்கு நடுவர். அவர் கடைசியாகச் சொன்னதை இதுவரை உங்களுக்கு எழுதவில்லை.

"அவன் மூக்குதான் நமக்குச் சோறு போடுது, சரிம்மா. செத்தவங்களுக்கு ஊதுபத்தி வாசனைதான் சோறு. என்னைப் பட்டினி போட்டுடாதே."

அன்றிலிருந்து காலையும் மாலையும் ஏற்றுகிறேன். நிறுத்த மாட்டேன்.

ஸ்டேஷன் எதிரே விடுதியில் உங்களுக்கு அறை சொல்லியிருக்கிறேன். துறவி வந்து ஓதும்போது நீங்கள் வாசலிலேயே நின்று கும்பிடலாம். மகன் வந்திருக்கிறான் என்று அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்பவள்