மீட்டர் பெட்டிக்குக் குடிபோன கூட்டம்

அன்பு மகள் ஜிஷாவுக்கு அம்மா எழுதுகிறேன். கர்த்தருடைய தயவில் அப்பாவும் நானும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, இடையில் சண்டையும் போட்டு, சுகமாக இருக்கிறோம். அந்தக் குளிருக்குள் நீயும் மாப்பிள்ளை ஆன்ஸ்லினும் சுகமாக இருக்கவேண்டும் என்பதுதான் தினமும் எங்கள் ஜெபம். அப்பாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை, தைலம் தேய்த்துவிட்டால் அரைநாள் நடக்கிறார், பிறகு என்னையே ஏவுகிறார். ரப்பர் இலையெல்லாம் உதிர்ந்து தோட்டம் வெளிச்சமாகக் கிடக்கிறது, துளிர் வந்துவிட்டால் தேன்காலம்தான். தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். நீ ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற அவசரத்தில் பேசுகிறாய், நான் பாதி சொல்லும்போதே உனக்கு பஸ் வந்துவிடுகிறது. இது பாதியில் விடுகிற காரியம் இல்லை. நம் சபையில் உள்ள பெனிட்டோ லீவு முடிந்து அயர்லாந்துக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் நீ தேன் சாப்பிடுவதை விட்டுவிட்டேன் என்று சொன்னாயே, எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை மக்களே. அங்கே சிநேகிதர்களோடு சேர்ந்து இதையெல்லாம் யோசிக்கிறோம் என்றாய். தேனீ தனக்காகச் சேர்த்துவைக்கிறது, நமக்குப் பலம் இருப்பதால் எடுக்கிறோம், மற்றபடி தேனீ யாருக்கும் சொந்தமில்லை என்றாய். அப்பாவிடம் சொன்னேன். கர்த்தர் மனுஷனுக்குச் சகலத்தின் மேலும் அதிகாரம் கொடுத்திருக்கிறாரே, அவளுக்கு அது மறந்துபோயிற்றா என்று கேட்டுவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். எனக்கு அந்தப் பதிலும் போதவில்லை. உன் நர்சிங் படிப்புக்குப் பாதியும் இந்தத் தேன்பெட்டிகளில் இருந்துதானே வந்தது, அப்படிப்பட்ட ஒன்றைத் திருட்டு என்கிறாளே என்ற வருத்தம் ஒரு பக்கம். அவள் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லையே என்பது இன்னொரு பக்கம். அந்த யோசனையோடுதான் நான் நடந்துகொண்டிருந்தேன், அப்போதுதான் இது நடந்தது.

கிணற்றடிப் பெட்டியில் இருந்த ஈக்கூட்டம் ஒருநாள் வெயில் ஏறின நேரத்தில் பிரிந்துவிட்டது. உனக்குத் தெரியும், கூட்டம் பெருகினால் கிழட்டு ராணி பாதிப்பேரைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டுவிடும், வீட்டை மகளுக்கு விட்டுவிட்டுத் தாய்தான் வெளியே போகும். நம் வீட்டில் நடந்தது தலைகீழ், மகள் நீதான் பறந்துபோனாய். கொல்லாமரத்துக் கொம்பில் திராட்சைக் குலை மாதிரித் தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுக் காலிப்பெட்டி எடுக்க உள்ளே போனேன், திரும்பி வருவதற்குள் காணவில்லை. போனால் போகட்டும், காட்டில் எங்காவது பொந்து கிடைத்திருக்கும் என்று விட்டுவிட்டேன். ஆனால் அது காட்டுக்குப் போகவில்லை. நம் பக்கத்து வீட்டு நாராயணபெருமாள் அண்ணாச்சியின் கரண்டு மீட்டர் பெட்டிக்குள், பக்கச்சுவரில் பழைய மரப்பெட்டி இருக்கிறதே அதற்குள், குடியேறியிருக்கிறது. அந்தச் சந்தில் யாரும் அதிகம் போகமாட்டார்கள், அதனால் கொஞ்சநாள் யாருக்கும் தெரியாது. பியூஸ் போயிற்று என்று அண்ணாச்சி கதவைத் திறந்தவுடன் கண்ணிமையில் ஒன்று, காதில் ஒன்று கொட்டிவிட்டது. முகம் ஒரு பக்கம் வீங்கி, அடையாளமே தெரியவில்லை.

அவர் மதிலருகே வந்து கூப்பிட்டார். மகள் இந்துஜா பேறுகாலத்துக்கு அடுத்த வாரம் வருகிறாள், வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் இதை வைத்துக்கொள்ள முடியுமா, மருந்தடிக்கிறவனுக்குச் சொல்லியாயிற்று, காலையில் வருவான் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. பிறகு வீங்கின கண்ணோடு என்னைப் பார்த்து, “லீலா, இது உனக்க ஈயா?” என்று கேட்டார்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் உன் ஞாபகம்தான் வந்தது. என்னுடையது என்றால் அவர் முகம் வீங்கினதற்கும் நான்தான் பதில் சொல்லவேண்டும், நாளைக்கு இந்துஜாவுக்கு ஒன்று ஆனால் அதற்கும் நான்தான். என்னுடையது இல்லை என்பதும் பொய்யாகாது, அது என் பெட்டியை வேண்டாமென்று விட்டுப் போன கூட்டம், காட்டு ஈ எத்தனையோ சுற்றுகிறது. நீ சொன்ன மாதிரி, அது யாருக்கும் சொந்தமில்லை என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போயிருக்கலாம். ஆனால் யாருக்கும் சொந்தமில்லை என்றால் காலையில் மருந்து அடிக்கிறவனும் அதையேதானே நினைப்பான்? கேட்க ஆளில்லாத ஒன்றைக் கொல்வதற்கு யாரிடமும் கேட்கவேண்டாமே. “எனக்கதுதான் அண்ணாச்சி. நான் எடுத்துக்கிடுதேன், மருந்துக்காரன வரவேண்டாம்னு சொல்லுங்க” என்று சொல்லிவிட்டேன். அப்பா முற்றத்திலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தார்.

லைன்மேனைக் கூப்பிட்டுப் போஸ்டிலேயே கரண்டை நிறுத்தச் சொல்லி, அன்றைக்குச் சாயங்காலமே போனேன். அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு சந்துமுனையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, புகைக்குத் தேங்காய்க் கதம்பையைப் பற்றவைத்துக் கொடுத்தார். அண்ணாச்சியும் அவர் சம்சாரம் பகவதியும் ஜன்னலைச் சாத்திக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறந்தால், அடடா, வெள்ளைவெளேரென்று புது அடை, மீட்டரைத் தொடாமல் அழகாக வரிசையாகக் கட்டியிருக்கிறது. ஒவ்வொன்றாக அறுத்துச் சட்டத்தில் வைத்து வாழைநாரால் கட்டி, கொண்டுபோன தேன்பெட்டிக்குள் இறக்கினேன். ராணி கடைசி அடையில் இருந்தது, கிழவிதான், ஆனாலும் நல்ல மினுக்கம். அடையின் மேல்பக்கம் கொஞ்சம் தேன் இருந்தது. கனத்தால் நார் அறுந்துவிடும், அதனால் அதை வெட்டித்தான் ஆகவேண்டும். வெட்டினதை வழக்கமாக அங்கேயே வாயில் போட்டுக்கொள்வேன். அன்றைக்குக் கத்தி கையில் நின்றுவிட்டது. வீடு உடைபட்டுத் தவித்து நிற்கிறது, அதன் சோற்றையும் நான் தின்கவேண்டுமா என்று தோன்றிற்று. நீ சொன்னதினால்தான் தோன்றிற்று, மறைக்கவில்லை. ஒரு தட்டில் அந்தத் துண்டுகளை வைத்துப் பெட்டிக்குப் பக்கத்திலேயே விட்டேன். பகவதி ஜன்னலைக் கொஞ்சம் திறந்து, ஏன் அக்கா தேனை வீணாக்குதிய என்று கேட்டாள். வீணாகாது, நாளைக்குப் பார் என்றேன்.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. உடனே பெட்டியைத் தூக்கி நம் வீட்டுக்குக் கொண்டுவந்தால், மேயப்போகிற ஈ எல்லாம் பழைய இடத்துக்கே திரும்பி மீட்டர் பெட்டியில் அப்பிக்கொள்ளும். ஒன்று அங்கேயே கொஞ்சநாள் இருக்கவேண்டும், இல்லையென்றால் குலசேகரத்துக்கு மாமா வீட்டுக்குத் தூரமாகக் கொண்டுபோகவேண்டும். இதை அண்ணாச்சியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பாதான் சொன்னார், ஆட்டோவுக்கு ஆள் பார்க்கட்டுமா என்றும் கேட்டார். அண்ணாச்சி வீங்காத கண்ணால் சந்தை ஒருமுறை பார்த்தார். பிறகு, சந்தில்தானே, மகள் வருகிறவரைக்கும் இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். மீட்டர் பெட்டியின் ஓட்டையை லைன்மேன் அடைத்துக் கொடுத்தான்.

மறுநாள் நான் போனபோது அண்ணாச்சி சந்துமுனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தட்டில் இருந்த தேனை ஈயெல்லாம் சொட்டு விடாமல் பெட்டிக்குள் சுமந்துபோய்விட்டது, காய்ந்த மெழுகு மட்டும் கிடந்தது. அதை எடுத்து என்னிடம் காட்டினார். கொட்டினதற்குக் கோபமாக ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன், தண்ணீர் எங்கே போய்க் குடிக்கும் என்று கேட்டார். அதற்குப் பிறகு சிரட்டையில் தண்ணீர் ஊற்றி, விழுந்து சாகாமல் இருக்க ஈர்க்குச்சியும் போட்டு வைக்க ஆரம்பித்தார். மதிலோரத்தில் தொட்டால்வாடிக்கு மாசாமாசம் களைக்கொல்லி அடிப்பாரே, அதையும் நிறுத்திவிட்டார். அதன் பூவில் ஈ உட்காருகிறது என்று எனக்கே சொல்லித் தருகிறார். இந்துஜாவும் வந்துவிட்டாள், நல்ல சுகமாக இருக்கிறாள், முதலில் பயந்தவள் இப்போது மத்தியானம் அந்த ஜன்னலை ஒட்டிப் படுத்து ஈ இரைகிறதைக் கேட்டால்தான் தூக்கம் வருகிறது என்கிறாளாம். அவள் வந்த அன்றைக்கே சொன்ன வாக்குக்குப் பெட்டியை எடுக்கப் போனேன், அப்பாவும் குலசேகரத்துக்குப் போக ஆட்டோவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அண்ணாச்சி பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு, “இருக்கட்டு லீலா. இப்ப அது எனக்க ஈயில்லியா” என்றார். அப்பா ஆட்டோக்காரனுக்கு ஒரு சாயா வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

நான் தேன் எடுப்பதை நிறுத்தப்போவதில்லை மக்களே, நீ சாப்பிடவேண்டும் என்றும் இனிக் கேட்கமாட்டேன். பெட்டியில் கீழ்த்தட்டுத் தேனை எப்போதும் அதுகளுக்கே விடுவேன், இந்த வருஷம் மேல்தட்டிலும் ஒரு சட்டம் விடலாமென்று இருக்கிறேன். உனக்காக இல்லை, எனக்கு அப்படித் தோன்றுகிறது. என்னுடையது என்று சொன்னால் எடுத்துக்கொள்வதற்கு உரிமை என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். அன்றைக்கு அந்த மதிலருகே சொன்னபோது அதற்கு வேறொரு அர்த்தமும் இருந்தது, அதை உன் சிநேகிதர்களிடம் சொல்லு, அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று எனக்கும் தெரியவேண்டும். நேற்று ஆராதனை முடிந்து கோவில் விட்டு வரும்போது அந்தச் சந்தில் கொஞ்சநேரம் நின்றேன். ஒரு ஈ வந்து புறங்கையில் உட்கார்ந்து, விரல்வரை நடந்து பார்த்துவிட்டுப் பறந்துபோயிற்று. இத்தனை வருஷமாக நான் அதுகளைப் பற்றி நினைக்கிறேன், அது என்னை என்னவென்று நினைத்திருக்கும்? புகை மணக்கிற ஒரு மரம் என்று நினைத்திருந்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

பெனிட்டோ கையில் முந்திரிக்கொத்தும் அப்பா உலரவைத்த நல்லமிளகும் கொடுத்திருக்கிறேன். ராத்திரி டூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. பனியில் நடக்கும்போது ஆன்ஸ்லின் கையைப் பிடித்துக்கொள். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காத்து, கைநிறைய வேலையும் மனம்நிறைய சமாதானமும் தருவாராக. ஈஸ்டருக்கு லீவு கிடைக்குமா என்று மறக்காமல் கேட்டுச் சொல்லு, அப்பா கேட்கமாட்டார், ஆனால் காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
லீலாபாய் தங்கையன்