உள்பக்கம் தேய்ந்த டயர்

என் அன்புக்கும் வம்புக்கும் உரிய மாப்பிள்ளை சுப்பையாவுக்கு,

நம் ஜீப்புக்கு நாலு புது டயர் போட்டாயிற்று. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இத்தனை நாளும் உன்னிடம் சொல்ல ஒரு நல்ல சேதி என் கையில் இல்லை. இப்போது இருக்கிறது. எழுத உட்கார்ந்தால் பேனா என்னை முந்திக்கொண்டு ஓடுகிறது.

உன் நினைவாக ஒரு மலர் போடுகிறோம், நீங்கள் ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று வாசகசாலைக்காரர்கள் கேட்டார்கள். ஊரே படிக்கும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். ஊர் முன்னால் உன்னைக் குறை சொன்னவன் நான். ஊர் முன்னால்தானே அதைத் திருத்த வேண்டும்?

உனக்குத் தெரிந்த கதைதான், படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கொள். நீயும் நானும் ஆலங்குடிப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. வளர்ந்ததும் என் தங்கை காமாட்சியைக் கட்டி மாப்பிள்ளை ஆனாய். சண்டை முடிந்து பட்டாளத்து வண்டிகளை ஏலம் விட்டபோது, திருச்சிக்குப் போய் இரண்டு பேருமாக ஒரு ஜீப்பை எடுத்து வந்தோம். நான் என் கடலைக் கமிஷன் கடையில் உட்கார்ந்துகொண்டேன். நீ வாடகைக்கு ஓட்டினாய். வியாபாரிகள், கல்யாணக் கூட்டம், வலி எடுத்துப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போகிற பெண்கள் என்று அந்த ஜீப் ஏற்றாத ஆள் நம் பக்கத்தில் குறைவு.

வண்டி உன் வீட்டு வாசலில்தான் நிற்கும். காலையில் நீ தனியாக அதை ஓட்டிக்கொண்டு ஆலங்குடிக்கு வருவாய். வழியில் ரோட்டை விட்டு இறங்கினால் செம்மண் சரளைப் பொட்டல், நடுவில் ஒரு புளியமரம், அடியில் கருப்பர். எல்லா டிரைவர்களும் அங்கே வேகத்தைக் குறைத்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவார்கள். நீ மட்டும் ஜீப்போடு பொட்டலில் இறங்கிக் கருப்பரை மூன்று சுற்று வலம் வருவாய். ஏன் இந்தக் கூத்து என்று கேட்டதற்கு நீ சொன்ன பதில் எனக்கு மறக்கவில்லை.

"நடந்து வந்தா நடந்து சுத்துறோம். வண்டியில வந்தா வண்டியிலதான மச்சான் சுத்தணும். வண்டிக்கும் ஒரு சாமி வேணும்ல."

அப்புறம்தான் அந்த டயர் விவகாரம் வந்தது. மற்ற மூன்றும் பழுதில்லாமல் இருக்க, இடது முன் டயர் மட்டும் ஒரு பக்கமாகத் தேய்ந்தது. மாற்றினோம். அதுவும் அப்படியே தேய்ந்தது. நான் கடையில் உட்கார்ந்து யோசித்துக் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். வலம் வருகிறவன் வலப்பக்கமே வண்டியைத் திருப்புகிறான், பாரம் முழுக்க இடது முன் சக்கரத்தில் இறங்குகிறது, சரளை அதை அரைக்கிறது. எனக்கு நானே முதுகில் தட்டிக்கொள்ளாத குறை.

அதோடு விட்டேனா? மறுநாள் ஆலங்குடி பஸ் நிற்கும் இடத்தில் பத்துப் பேர் முன்னால், "சாமி பேரைச் சொல்லி டயரத் தின்னுக்கிட்டு இருக்கியே மாப்ளே" என்று உன்னைக் கேட்டேன். நாலைந்து பேர் சிரித்தார்கள். நீ துண்டில் கையைத் துடைத்தாய்.

"சரி மச்சான். இனிமே ஜீப்ப வச்சுச் சுத்தல."

அவ்வளவுதான் சொன்னாய். அன்றிலிருந்து நீ காலையில் பத்து நிமிஷம் தாமதமாக வர ஆரம்பித்தாய். சுற்றுவதை நிறுத்தினால் சீக்கிரம்தானே வர வேண்டும்? டீக்கடையில் கச்சேரி வைக்கிறாய் என்று அதற்கும் திட்டினேன். நீ சிரித்துக்கொண்டே சாவியை ஆணியில் மாட்டினாய். இரண்டு மாதம் இப்படி ஓடியது. பிறகு உனக்குக் காய்ச்சல் என்றார்கள், மஞ்சள்காமாலை என்றார்கள், கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உன் ஜீப்பிலேயே உன்னைத் திரும்பக் கொண்டுவந்தேன்.

கருமாதி அன்று சொந்தபந்தம் எல்லாம் கூடியிருக்க, காமாட்சி என்னைப் பார்த்து ஒன்று கேட்டாள்.

"மூணு சுத்த நிப்பாட்டச் சொன்னீங்க. அவுக வந்து, மச்சான் வேணாம்னுட்டாகன்னு சொன்னாக. இப்ப ஆளே நின்னு போச்சு. டயரு நல்லாருக்கா அண்ணே?"

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை, ஜீப்பில் கால் வைக்கவில்லை. எங்கே போவதானாலும் பஸ்தான். எனக்குச் சாமி விஷயத்தில் பெரிய ஈடுபாடு கிடையாது என்று உனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. இருந்த ஒரே தங்கையை ஒரு டயருக்காக இழந்தேனே என்று இருந்தது.

இதில் இன்னொரு வயிற்றெரிச்சல் கேள். டயர் நன்றாக இல்லை. உனக்குப் பின் நான்தான் ஓட்டுகிறேன், கருப்பர் பக்கம் ஒரு சுற்றுக்கூடச் சுற்றவில்லை, ரோட்டிலேயே நேராகப் போய் நேராக வருகிறேன். இடது முன் டயர் முன்னைப் போலவே தேய்ந்தது. யாரிடமும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தேன். போன மாதம் பொன்னமராவதி வியாபாரி ஒருவர் ஏறப் போனவர், குனிந்து பார்த்துவிட்டு, "டயருல நூலு தெரியுதுங்க, நான் பஸ்ஸுலயே போய்க்கிறேன்" என்று காலை எடுத்துவிட்டார். அன்றைக்கே புதுக்கோட்டைக்கு விட்டேன்.

ஹனீபா பாய் பட்டறையை உனக்குத் தெரியும். பட்டாளத்தில் வண்டி வேலை பார்த்தவர், அவரிடம் விடலாம் என்று நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய். நான்தான் செலவு என்று தட்டிக் கழித்தேன். ஒரு டயர் மட்டும் வேண்டும் என்று போய் நின்றேன். அவர் டயரைப் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்தார்.

"ஒண்ணு போட்டா அதும் போயிரும்ங்க. எதனால தேயுதுன்னு பாத்தீங்களா?"

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. நீ வலம் வந்த கதையை, என் கண்டுபிடிப்போடு சேர்த்து முழுசாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து டயரின் மேல் கையை வைத்தார்.

"வலஞ்சுத்துனா பாரம் எடது சக்கரத்துல எறங்கும், வாஸ்தவந்தான். ஆனா எந்தப் பக்கம் எறங்கும்? வெளிப்பக்கம். இங்க பாருங்க, வெளிப்பக்கம் டயரோட பூவெட்டு அப்படியே இருக்கு. தேஞ்சிருக்கிறது இஞ்சின் பக்கம், உள்பக்கம். சாமி சுத்துனதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க."

மாப்பிள்ளை, இரண்டு டயரைத் தேய விட்டு மூன்றாவதையும் தேய விட்டவன், எந்தப் பக்கம் தேய்கிறது என்று ஒரு நாளாவது குனிந்து பார்த்தேனா? கடலையில் சொத்தையை முகர்ந்தே சொல்கிறவன் என்று எனக்குப் பெயர். டயரில் கோட்டை விட்டேன்.

பாய் கொத்தனார் வைத்திருக்கிற தூக்குக்குண்டு ஒன்றை எடுத்து மட்கார்டிலிருந்து சக்கரத்தை ஒட்டித் தொங்கவிட்டார். வலது சக்கரத்தில் நூலும் டயரும் ஒட்டினாற்போல் நின்றன. இடதில் கீழே ஒட்டிக்கொண்டு, மேலே விரல் நுழைகிற இடைவெளி. சக்கரம் தலையை உள்ளே சாய்த்துக்கொண்டு நின்றிருக்கிறது. முன் அச்சு அந்த முனையில் வளைந்திருக்கிறது என்றார்.

"தானா வளையாதுங்க. எங்கயோ கல்லுல பலமா எறங்கியிருக்கு. யாரு ஓட்டுனது?"

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது அதுதான். எனக்கு அந்த இடத்திலேயே ஞாபகம் வந்துவிட்டது. வண்டியை விட்டுவிட்டு நீ ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நாளில், நான் சாவியை எடுத்துக்கொண்டு வல்லத்திராக்கோட்டைப் பக்கம் போனேன். கண்மாய்க்கரையில் ஆட்டுமந்தை குறுக்கே வந்தது. ஸ்டியரிங்கை ஒடித்தேன். இடது சக்கரம், தண்ணீர் வழிகிற கலுங்குக் கல்லில் ஏறி இறங்கியது. அமெரிக்காக்காரன் இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டச் செய்த வண்டி அது, கல் என் மூக்குக்கு நேர் கீழே இருந்தது. தெரியவில்லை என்று சொல்லக்கூட எனக்கு வழியில்லை. சின்னத் தட்டுத்தான் என்று உன்னிடம் சொன்னேன். நீ அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "போகட்டும் மச்சான், வண்டி ஓடுதுல்ல" என்றாய். அப்போது உனக்கு எவ்வளவு தெரியும்? பஸ் நிற்கும் இடத்தில் நான் உன்னைப் பார்த்து ஊரைச் சிரிக்கவைத்தபோது, கல்லில் ஏற்றியது யார் என்று ஒரு வார்த்தை உன் நாக்கு நுனி வரை வந்ததா?

உடைத்துப் போட்டிருந்த இன்னொரு ஜீப்பின் முன் அச்சை பாய் எடுத்து மாட்டினார். தூக்குக்குண்டை மறுபடி தொங்கவிட்டபோது இரண்டு பக்கமும் ஒன்றுபோல் நின்றது. அந்த நூலையே பார்த்துக்கொண்டு நின்றேன், டீ ஆறிப்போனது.

இனி டயர். உனக்குப் பிடித்த கதை இதுதான். பட்டாளத்து டயர்தான் ஜீப்புக்கு மீசை என்று சொல்வாயே, கட்டை கட்டையாகப் பல் வைத்தது, அதையே வாங்கலாம் என்று நினைத்தேன். பாய் ஒத்துக்கொள்ளவில்லை. நீங்கள் ஓட்டுவதில் முக்கால்வாசி தார் ரோடு, அதில் இந்தப் பல் இரைச்சல் போட்டுக்கொண்டு சீக்கிரம் தேயும் என்றார். முந்திரிக்காட்டு மணலுக்கு வேண்டாமா என்று கேட்டேன். சேற்றுக்குத்தான் பல், மணலில் பல் குழிதான் தோண்டும், காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் ரோட்டு டயரே மணலில் மிதந்து போகும் என்றார். பழைய டயரில் புது ரப்பர் ஒட்டியதையும் காட்டினார், நாம் ஏற்றுவது பிள்ளைத்தாய்ச்சிகளை என்று நான் சொன்னதும் அவரே அதை ஓரமாகத் தள்ளினார்.

ஒன்றா, இரண்டா, நாலா என்று அடுத்த வாதம். மணலில் முன் கியரையும் போட்டு நாலு சக்கரமும் இழுக்கும்போது, ஒன்று உயரம் ஒன்று குட்டை என்றால் கியர்கள் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்குமாம். நாலும் ஒரே உயரம், ஒரே சாதி. சரி என்றேன். உன் மீசையையும் நான் விடவில்லை. பழைய பட்டாளத்து டயர் நல்லதாக ஒன்றை ஸ்டெப்னியாகப் பின்னால் தொங்கவிட்டிருக்கிறேன். அதை மாட்டினால் முன் கியர் போடாமல் மெதுவாக வீடு வந்து சேருங்கள் என்று பாய் எச்சரித்து அனுப்பினார்.

புது டயரில் திரும்பி வந்தேன் பார், ஸ்டியரிங் இழுக்கவே இல்லை. சின்னப்பிள்ளை மாதிரி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தேன். ஆனால் காமாட்சி வீடு நெருங்க நெருங்கக் கால் பிரேக்கைத் தேடியது. இதை அவளிடம் சொன்னால் என்ன ஆகும்? டயருக்காக நிறுத்தினேன் என்றாலாவது ஒரு காரணம். காரணமே இல்லாமல், என் குற்றத்தை உன் தலையில் போட்டு நிறுத்தினேன் என்றால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? பேசாமல் கடைக்கே போய்விடலாம் என்றும் நினைத்தேன். பயந்தேன், மாப்பிள்ளை.

அவள் வாசலில் விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே சொன்னேன்.

"காமாட்சி, அச்சு வளஞ்சிருந்திச்சு. வளச்சது நான். சுத்துனதால டயரு தேயல. மாப்பிள்ளைய நான் வீணா நிப்பாட்டச் சொல்லிட்டேன்."

அவள் கையிலிருந்த கடலையை உடைத்து முடித்தாள். முறத்தை நகர்த்தி வைத்தாள். ஒரு வருஷம் கழித்து என் தங்கை என்னிடம் பேசினாள்.

"அதக் கருப்பர்ட்ட வந்து சொல்லுங்க."

சொல்லிவிட்டு ஜீப்பில் வலப்பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஜீப்பைப் பொட்டலில் இறக்கினேன். பூசாரி விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தவர், வண்டியைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"வாங்க, வாங்க. இந்த வண்டி வந்து ஒரு வருசத்துக்கு மேல ஆச்சே."

காமாட்சி தலையை அசைத்தாள். "அதுக்கும் முன்னாடி ரெண்டு மாசமா வந்திருக்காதே. அவுகதான் சுத்துறத விட்டுட்டாகளே."

"யாரு சொன்னா? படுக்கையில விழுகிறதுக்கு மொத நாள் வரைக்கும் வந்தாரு. வண்டிய அந்தா ரோட்டோரத்துல நிப்பாட்டிப்புட்டு நடந்து சுத்துவாரு. ஒம்பது சுத்து. என்னப்பா கூட்டிட்டேன்னு கேட்டேன். வண்டிக்கு மூணு, எனக்கு மூணு, எங்க மச்சான் இங்கிட்டெல்லாம் வரமாட்டாரு, அவருக்கு மூணுன்னாரு. பத்து நிமிசம் ஆகும் அவருக்கு."

பத்து நிமிஷம். டீக்கடைக் கச்சேரி என்று நான் திட்டிய பத்து நிமிஷம்.

ஏன் மாப்பிள்ளை என்னிடம் சொல்லவில்லை? சொன்னால் அதற்கும் ஏதாவது சொல்வேன் என்றா? நான் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்து அழுதேன். ஊர் படிக்கட்டும், எனக்கென்ன வெட்கம். காமாட்சியும் அழுதாள், ஆனால் அவள் முகம் கருமாதி அன்று இருந்த முகம் இல்லை. முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"நிப்பாட்டல அவுக. கேட்டீங்களா, நிப்பாட்டவே இல்ல. எடுங்கண்ணே வண்டிய."

எடுத்தேன். புது டயர் சரளையில் கடகடவென்று சத்தம் போட, மூன்று சுற்று. கருப்பர் இருக்கிற பக்கத்தில் உன் பெண்டாட்டி கையெடுத்துக் கும்பிட்டபடி உட்கார்ந்திருந்தாள். சுற்றி முடித்து அவளை என் வீட்டுக்கே கூட்டிப்போனேன். சாப்பிட்டாள். குழம்பில் உப்பில்லை என்று என் பெண்டாட்டியிடம் சொன்னாள். பழைய காமாட்சி திரும்பிவிட்டாள் என்று அப்போது நிச்சயமானது.

இனி ஒவ்வொரு காலையும் ஜீப்பில் மூன்று சுற்று சுற்றுவேன். பிறகு அதை ரோட்டோரம் நிறுத்திவிட்டு உனக்காக மூன்று சுற்று நடப்பேன். இடது முன் டயரை மாதம் ஒருமுறை இரண்டு பக்கமும் குனிந்து பார்ப்பேன். வெளிப்பக்கம் தேய்ந்தால் தேயட்டும், அது கருப்பர் கணக்கு. உள்பக்கம் தேய்ந்தால் உடனே உன் பேரைச் சொல்லாமல் என் பேரைச் சொல்வேன்.

இப்படிக்கு,
தினமும் பத்து நிமிஷம் தாமதமாகக் கடை திறக்கும்
உன் மச்சான்,
ராமையா