அடி அண்ணாமலைப் பிரசவ அறையைப் பூட்டிய உத்தரவு குறித்து, உத்தரவு போட்டவருக்கே

அனுப்புநர்:
ச. வேதம்மாள்,
க/பெ. சகாதேவன்,
அடி அண்ணாமலை,
திருவண்ணாமலை வட்டம், வட ஆற்காடு மாவட்டம்.

பெறுநர்:
டாக்டர் குணமதி அவர்கள்,
இணை இயக்குநர், தாய் சேய் நலப் பிரிவு,
சென்னை.

பொருள்: எங்கள் ஊர்ப் பிரசவ அறையைப் பூட்டியது – டாக்டர் குணமதி அவர்கள் மீது புகார் – அறையைத் திறந்து நர்ஸ் அனுப்பக் கோருவது.

மதிப்பிற்குரிய அம்மா,

அண்ணாமலையார் துணை.

1. உங்கள் மேல் உள்ள புகாரை உங்களுக்கே எழுதுவது எனக்கும் நன்றாக இல்லை. வேலூர் கலெக்டருக்குத்தான் முதலில் எழுதினேன். அவர்கள் அதைச் சென்னைக்கு அனுப்பிவிட்டார்கள். "பிரசவங்கள் குறைவாக உள்ளதால் மனுதாரரின் கோரிக்கையை ஏற்க இயலாது" என்று பதில் வந்தது. கீழே உங்கள் கையெழுத்து. இத்தனை வருஷம் வேதாக்கா என்று கூப்பிட்ட நீங்கள் இப்போது மனுதாரர் என்கிறீர்கள். சரி, மனுதாரராகவே எழுதுகிறேன்.

2. நீங்கள் டவுன் ஆஸ்பத்திரிக்குச் சின்ன டாக்டராக வந்தபோது எங்கள் ஊர்ப் பெண்கள் அந்தப் பக்கமே வர மாட்டார்கள். நீங்கள்தான் எங்களைத் தேடி வந்தீர்கள். பொழுது சாய்ந்தால் சாப்பிடாத ஜைன வீட்டுப் பெண் என்று, வெங்காயம் பூண்டு போடாமல், வெளிச்சம் இருக்கும்போதே உங்களுக்குச் சோறு போட்டேன். இதைச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

3. ஒரு தீபத்தன்று என் ஓரகத்தி தங்கம்மாளுக்கு வலி எடுத்தது. மலையைச் சுற்றும் பாதை முழுக்க ஜனம், வண்டி போக வழியில்லை. கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனோம். "வழி விடுங்க, புள்ளத்தாச்சிங்க!" என்று நான் கத்தியது அரோகரா சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நீங்கள் நாடி பிடித்தபோது அவளுக்கு உயிரில்லை. அன்று என் தோளில் சாய்ந்து அழுதீர்கள். "இனிமே ஒருத்தியும் இந்தக் கூட்டத்துல சாகக்கூடாது வேதாக்கா. உங்க ஊர்லயே ரூம் கட்டறேன்"னு சொன்னீர்கள். சொன்னபடி கட்டினீர்கள். அதை நான் மறுக்கவில்லை.

4. இனி வீட்டில் பிரசவம் பார்க்கக் கூடாது என்று எங்களிடம் வாக்குக் கேட்டீர்கள். வீடு வீடாகப் போய் அதை வாங்கித் தந்தவள் நான். மருத்துவச்சி பச்சையம்மாளை வேலையை விடச் சொன்னதும் நானே. அவள் இப்போது செங்கத்தில் மகன் வீட்டில் இருக்கிறாள். நீங்கள் வார்டுக்குத் தலைமை ஆனபோதும், வேலூருக்கும் சென்னைக்கும் பெரிய டாக்டராகப் போனபோதும், நம் பெண்களுக்காகப் பேச மேலே ஒருத்தி வேண்டுமே என்று உண்ணாமுலை அம்மனுக்கு நெய்விளக்கு ஏற்றினேன். மேலே போனவர் எங்கள் அறையைத்தான் பூட்டினீர்கள். இப்போது குழாயடிக்குப் போனால், "இன்னா வேதா, உன் டாக்டரம்மாவுக்கு இன்னொரு வெளக்கு ஏத்தலயா?"னு சிரிக்கிறார்கள். வாயை மூடிக்கொண்டு வருகிறேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும்.

5. பிரசவம் கம்மி என்கிறீர்கள். "ரெண்டோட நிறுத்துங்க"னு எங்களுக்குப் படித்துப் படித்துச் சொன்னது யார்? சொன்ன பேச்சைக் கேட்டு நிறுத்தியதற்கு இதுதான் தண்டனையா?

6. என் தம்பி மகள் வள்ளிக்கு இது தலைப்பிரசவம். தீபத்தை ஒட்டித்தான் பிறக்கும் என்று டவுன் ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். பச்சையம்மாளும் இல்லை, அறையும் இல்லை. அந்தப் பிள்ளை என் முகத்தையே பார்க்கிறது.

ஆகவே அம்மா, உங்களிடமிருந்து பதில் வராவிட்டாலும், வள்ளிக்கு வலி எடுத்தால் பூட்டை உடைத்து உள்ளே இருக்கும் கட்டிலில்தான் படுக்க வைப்போம். என் மேல் கேஸ் போட்டால் போடட்டும். ஆனால் எனக்குப் பூட்டை உடைக்கத்தான் தெரியும், பிள்ளையை எடுக்கத் தெரியாது. அதற்காவது கார்த்திகை பிறப்பதற்குள் ஒரு நர்ஸ் அம்மாவை அனுப்பிவைக்கும்படி கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: அடி அண்ணாமலை
நாள்: 20.10.1986

இப்படிக்கு,
ச. வேதம்மாள்