கல்லாவுக்கு மேலே உன் படம்

மச்சான்,

இன்று காலை கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த உன் படத்தைக் கழற்றினேன். சுவரில் அந்த இடம் மட்டும் புதிதாகப் பெயின்ட் அடித்ததுபோல் இருக்கிறது. பின்னால் அடுப்பில் பப்ஸ் வெந்துகொண்டிருந்தது. லீவில் வந்து தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல், பெட்டியும் கையுமாக இந்த வாசனைக்கு நேரே என் பேக்கரிக்கு வருவாயே. அந்த ஞாபகத்தில் ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து உனக்கு லுங்கிதான். முடிச்சூரில் வெள்ளம் புகுந்த வருஷம், இடுப்பளவுத் தண்ணீரில் என் மைதா மூட்டைகளைத் தலையில் சுமந்து மாடிக்கு ஏற்றினாய். எதிர்வீட்டுக்காரர் "மிலிட்டரின்னா மிலிட்டரிதான்" என்றார். "லீவுல நான் மூட்டை தூக்குறவன் சார், வுட்ருங்க" என்றாய். ஊரில் யார் பட்டாளப் பேச்சை எடுத்தாலும் உனக்குப் பிடிக்காது. எனக்கு அது தெரியும். தெரிந்தும்தான் செய்தேன்.

உன்னைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த பிறகு, ரேவதிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று துடித்தேன். உன் மனைவி எனக்குத் தங்கைதானே. வீட்டிலேயே அடைந்து கிடக்கிறாளே என்று கடையில் பில் போடக் கூப்பிட்டேன். அதோடு விட்டிருக்கலாம். நீ யூனிஃபார்மில் இருக்கும் படத்தைப் பெரிதாக்கி, மாலை போட்டு, அவள் நாற்காலிக்கு நேர் மேலே மாட்டினேன். வருகிறவர்களிடமெல்லாம் "நம்ம ஜவானோட வொய்ஃபுங்க" என்று நானே சொன்னேன். அவர்களும் 'உச்' கொட்டிவிட்டு, கூட நாலு பப்ஸ் வாங்கிக்கொண்டு போனார்கள். வியாபாரம் ஏறியது எனக்குக் கசக்கவில்லை.

ஒருநாள் மாஸ்டர் டீ கேக் ட்ரேயைக் கீழே கவிழ்த்துவிட்டு அசடு வழிந்து நின்றார். ரேவதி விழுந்து விழுந்து சிரித்தாள். நீ போன பிறகு அவள் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான். பிரெட் வாங்க வந்த ஓர் அம்மா அவளைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி உன் படத்தைப் பார்த்தார். ரேவதி வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு என் கடையில் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. அன்றைக்கே படத்தைக் கழற்றியிருக்க வேண்டும். மடையன், மாலையை மட்டும் மாற்றினேன்.

போன மாதம் வேலையை விட்டுவிட்டு மேடவாக்கத்தில் ஒரு துணிக்கடையில் சேர்ந்தாள். எனக்குச் சுருக்கென்றது. "இங்க இன்னாம்மா குறை வச்சேன்?" என்றேன்.

"குறை ஒண்ணும் இல்லண்ணா. அங்க என்னை யாருக்கும் தெரியாது. அதான்."

கொஞ்ச நாள் அவள்மேல் முறுக்கிக்கொண்டு திரிந்தேன். நன்றி கெட்டவள் என்று நேற்று என் மனைவியிடம் சொல்லியும்விட்டேன். "அந்தப் படத்தை அவளுக்காக மாட்டினீங்களா, கடைக்காக மாட்டினீங்களா?" என்று அவள் கேட்டாள்.

படத்தைக் கழற்றிவிட்டேன் என்று சொல்லத்தான் மத்தியானம் வெண்ணெய் பிஸ்கட் பொட்டலத்தோடு மேடவாக்கம் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் இன்னொரு பெண்ணோடு புடவை மடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் ஏதோ சொன்னாள். ரேவதி சிரித்தாள். வாயைப் பொத்தவில்லை.

கதவில் கை வைத்தேன். உள்ளே போனால் நான் யார் என்று கேட்பார்கள். அவள் சொல்லாவிட்டாலும் என் வாய் சும்மா இருக்காது. கையை எடுத்துக்கொண்டேன்.

மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை, மச்சான். அவளிடம் கேட்டால் அது அவளுக்கு இன்னொரு தொல்லை. உன்னிடம் கேட்டால் 'வுட்ரா' என்பாய், விட முடியவில்லை. பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினேன். பக்கத்தில் இருந்தவர் பேச்சுத் துணைக்கு, "மேடவாக்கத்துல யாரைப் பாக்க வந்தீங்க?" என்று கேட்டார்.

"சும்மாதான் சார் வந்தேன்" என்றேன்.