துடுப்பு பிடிக்க ஓர் ஆள்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

தோள்வலி தேவலையா? அத்தைக்கு இருமல் நின்றதா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் பேசினால் உங்கள் கண் அடுப்பின் மேலேயே இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

முந்தாநாள் ஒரு கூத்து. நான் வேலை செய்யும் ஓட்டலுக்குத் தென்னஞ்சர்க்கரை வந்தது. அதில் பாகு காய்ச்சச் சொன்னார் தலைமைச் சமையல்காரர். அந்த வாசனை வந்ததும், நீங்கள் துடுப்பால் தென்னம் பதநீரைக் கிளறுவதைப் போனில் பார்த்துப் பார்த்துப் பழகிய கை நிற்கவே இல்லை. பாகு இறுகி, மறுபடி சர்க்கரையாகவே உதிர்ந்துவிட்டது.

“பாகு கேட்டா, பாக்கெட்ல இருந்ததையே திருப்பிக் குடுக்குறியேம்மா!” என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

விரலில் துளி சூடு. ஆறிவிட்டது.

தேங்காய் விலை படுத்தபோதுதான் நான் இங்கே கிளம்பி வந்தேன். இப்போது நீங்கள் காய்ச்சும் சர்க்கரையை வாங்குகிறவர் வாசலுக்கே வந்து நிற்கிறார் என்கிறீர்கள். கேட்க நிறைவாக இருக்கிறது. அதற்காக எல்லா மரத்திலும் பதநீர் இறக்கப் பாளையைச் சீவிவிடாதீர்கள். சீவின மரத்தில் காய் ஏது? கிணற்றடி மரங்களாவது வீட்டுக்குக் காய்க்கட்டும்.

நம் சர்க்கரையில் ஒரு பிடி பொட்டலம் கட்டி அனுப்புங்கள். தலைமாட்டில் வைத்துக்கொள்கிறேன். எறும்பு வந்தால் வரட்டும், பேச்சுத்துணைக்கு ஆகும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. இன்னும் ஒன்றே ஒன்று. மரத்தையும் அடுப்பையும் தனியாகப் பார்க்க முடியாமல், துடுப்பு பிடிக்கக் கூலிக்கு ஆள் தேடுகிறீர்களாம், அத்தை சொன்னார்கள். யாரையும் வைத்துவிடாதீர்கள். எனக்குக் கிளறத் தெரியும்.

பாகைக் கெடுத்த,
உங்கள் வீட்டுக்காரி