கடல் அட்டைக்குத் திரும்ப முளைக்கும் குடல்

இன்று கம்பெனியை விட்டுக் கிளம்புமுன் செக்கிங் மேசை டிராயரைக் காலி செய்தேன். உன் தெர்மாமீட்டர் கைக்கு வந்தது. கல்லூரியில் கடல் அட்டை வளர்த்த தொட்டியில் நீ தொங்கவிட்டிருந்தது. அதையும் எடுத்துக்கொண்டுதான் ராமநாதபுரத்திலிருந்து எங்கள் அருள்புரம் பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்தாய்.

விலங்கியலில் எம்.எஸ்சி. முடித்தவள், பனியனில் நூல் பிசிறு வெட்டினாய். அந்த லைனுக்கு நான் பொறுப்பு. மேலே தகரக் கூரை, இரண்டடி தள்ளி அயர்ன் மேசைகள், நாளெல்லாம் நீராவி. சாப்பாட்டு நேரத்தில் அட்டைக் கதை சொல்வாய்.

"அதுக்கு வேர்க்காதுக்கா. தண்ணி என்ன சூடோ அதுவும் அதே சூடு. மொதல்ல மூச்சு வேகமாகும். அப்புறம் தீனியத் தொடாது. ரொம்ப முத்துனா கொடலையே வெளிய தள்ளிரும்."

"செத்துப் போயிருமா கண்ணு?"

"தண்ணி குளுந்துட்டா பொழச்சுக்கும். கொடல் திரும்ப மொளைக்கும். நமக்குத்தான் மொளைக்காது."

சித்திரையில் தெர்மாமீட்டரைத் தூணில் மாட்டினாய். நாற்பதைத் தாண்டியது. மேனேஜரைக் கூட்டிவந்து காட்டினாய்.

"துணி வாங்குற பையர் வர்ற நேரமுங்க. இதையெல்லாம் மாட்டி வெக்காதீங்க" என்று கழற்றி என்னிடம் கொடுத்தார். ஃபேன் கேட்டாய். துணிமேல் தூசி பறக்கும் என்றார். அந்த 'ங்க'வை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். துணிக்குப் பார்த்ததில் பாதிகூட உனக்குப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் நீ சாப்பிடவில்லை. மாலையில் மேசைமேலேயே சரிந்தாய். தொட முடியாதபடி உடம்பு கொதித்தது. வேர்வை ஒரு துளி இல்லை. ஆஸ்பத்திரியில் நீ பிழைக்கவில்லை.

"காய்ச்சலோடதான் வேலைக்கு வந்தாங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க" என்றார் மேனேஜர். போட்டேன். வெட்கங்கெட்ட கை.

போன வாரம்தான் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய், நான் எழுதியது பொய் என்று எழுதிக் கொடுத்தேன். வேலை போனது. போகட்டும். உன் அப்பாவுக்கும் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அவர் ஒன்றுதான் கேட்டார்.

"பிள்ளை தண்ணி ஏதும் கேட்டுச்சாம்மா?"

"கேட்டாளுங்க" என்றேன். மீதியையும் சொன்னேன். "இந்தக் கட்டு முடியட்டும் கண்ணு, ஷிப்மென்ட் நிக்குது" என்று உன்னிடம் சொன்னது மேனேஜர் இல்லை, நான்தான் என்று.

அவர் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இந்தப் பாரத்தை அங்கேயே இறக்கி வைத்திருப்பேன்.